வைக்கோல் கயிறு

யாரம்பா,
14 ஏப்ரல் 1996

அன்புள்ள அக்கா,

நலம்தானே? இங்கே இன்னும் மழை இல்லை. விதை கோதுமையை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறேன். நீ செல்லம் கொடுத்துக் கெடுத்த நாய் உன் நாற்காலியை விட்டு இறங்க மறுக்கிறது.

திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய் திறக்க மாட்டான் என்பார்கள். நம் ஆள் வழக்கே போட்டுவிட்டான்! போன வருஷம் பிப்ரவரியில் என் டீசல் பீப்பாய்களைத் திருடி வண்டியில் ஏற்றும்போது நானும் பக்கத்துப் பண்ணை ஹெட்லியும் கையும் களவுமாகப் பிடித்துக் கட்டினோமே, அந்த ராய் மெட்காஃப்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டும் ஒரு நாள்கூட உள்ளே இருக்கவில்லை. இப்போது, கயிற்றை இறுக்கிக் கட்டியதில் வலது கையில் மூன்று விரல் செத்துவிட்டதாம். பிடித்தது சரியாம், கட்டியதுதான் தப்பாம். தோற்றால் பண்ணையை விற்க வேண்டியதுதான்.

போலீஸ் வர இரண்டரை மணி நேரம் ஆனது என் குற்றமா? “உங்க அக்கா நர்ஸாச்சே, அன்னிக்கு அங்கதானே இருந்தாங்க, அவங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்” என்கிறார் வக்கீல். கையைப் பார்த்தேன், நன்றாக இருந்தது, அவன் வாயே திறக்கவில்லை என்று சொல். அவ்வளவுதான்.

உன் தம்பி,
கிளெம்

மெல்போர்ன்,
2 மே 1996

அன்புத் தம்பிக்கு,

பின்னி அனுப்பிய காலுறை வந்ததா? வந்தது என்று ஒரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடுமா? எனக்கு ஓய்வுபெற இன்னும் பதினோரு மாதம். முழங்கால்தான் அதுவரை தாங்குமா என்று தெரியவில்லை.

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். அவன் வாயே திறக்கவில்லை என்கிறாய். ஹெட்லி என்னை சிஸ்டர் என்று கூப்பிட்டதைக் கேட்டு, “சிஸ்டர், கை மரத்துப்போச்சு சிஸ்டர்” என்று அவனும் என்னைப் பார்த்துக் கத்தினானே. உன் வக்கீலிடம் அதைச் சொன்னாயா?

வெர்னா

யாரம்பா,
12 மே 1996

அக்கா,

நீ யார் பக்கம்? அந்தக் கோடையில் மட்டும் அது மூன்றாவது திருட்டு. முதலில் பம்பு, பிறகு நாற்பது ஆடு. ஒவ்வொரு தடவையும் போலீஸ் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனதோடு சரி.

அவன் கத்தியபோது நீ என்ன செய்தாய்? உள்ளே போய் எங்களுக்கு சாண்ட்விச் போட்டுக் கொண்டுவந்தாய். உண்மை பேசக் கிளம்பினால் அதையும் பேச வேண்டும். நர்ஸ் ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றாள் என்று தெரிந்தால் உன் வேலை என்னாகும்? யோசித்துக்கொள்.

கிளெம்

மெல்போர்ன்,
20 மே 1996

அன்புத் தம்பிக்கு,

யோசித்தேன். அன்று குனிந்து அவன் நகத்தை அழுத்திப் பார்த்தேன். விரலை எடுத்ததும் சிவக்க வேண்டும், வெள்ளையாகவே இருந்தது. “தளர்த்துடா” என்று உன்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னேன். “விட்டா ஓடிருவான்” என்றாய். நானும் விட்டுவிட்டேன்.

என் பையில் கத்தரிக்கோல் இருந்தது. முப்பத்தொரு வருஷமாக அது இல்லாமல் நான் வெளியே போனதில்லை. வைக்கோல் கட்டும் கயிறுதானே, ஒரு நறுக்கு போதும். நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவப் போனேன். அந்தக் கோடையில் உன் முகம் கிடந்த கிடப்பைப் பார்த்தவள் நான். அவனுக்கு வலிக்கட்டும் என்றுதான் நினைத்தேன், கிளெம். வெட்கமாக இருக்கிறது.

இதையெல்லாம் அவனுடைய வக்கீலுக்கு எழுதிவிட்டேன். ஜூன் பதினொன்று சாட்சி. முந்தின நாள் பஸ்ஸில் வந்து விடுதியில் தங்கிக்கொள்கிறேன். பஸ்ஸுக்கு நீ வர வேண்டாம்.

வெர்னா

யாரம்பா,
3 ஜூன் 1996

அக்கா,

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். “கூடப் பொறந்தவளே உன் கழுத்தை அறுத்துட்டாளேடா” என்கிறான் ஹெட்லி. அவனைப் போகச் சொல்லிவிட்டேன். ஆனால் நானும் அப்படித்தான் நினைத்தேன், இன்னும் கோபம் போகவில்லை.

மழை பெய்தது. விதைத்துவிட்டேன், அறுக்கப்போவது யாரோ. காலுறை வந்தது, போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பஸ் மூன்றரைக்கு வரும். நான் வந்து நிற்கிறேன். நாயை உன் நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டேன்.

ஒரு விஷயம். “தளர்த்துடா” என்று ஒரு தடவை சொன்னதாக எழுதியிருக்கிறாய். இரண்டு தடவை சொன்னாய். இரண்டாவது, சாண்ட்விச் தட்டோடு வந்து நின்றபோது. எனக்கு நன்றாகக் கேட்டது. கோர்ட்டில் இரண்டு என்று சொல்.

கிளெம்