பதினொன்று பதினாலுக்குப் பேசிய குரல்

ஜூலை 8, செவ்வாய்

மேனேஜர் எங்கள் பதினொரு பேரின் கையெழுத்தைத் திருடிவிட்டார். காலை எட்டுக்கே வெயில் சுள்ளென்று. பீங்கான் கம்பெனி கேட்டில் எல்லாரும் டிபன் பையுடன். வாட்ச்மேன் லிஸ்டைப் பார்த்துவிட்டு, "நீங்கல்லாம் வேலைய வுட்டுட்டீங்களாமே?" என்றார்.

ஆபீஸ் ஜன்னல் வழியாக ஆளுக்கொரு பிரிண்ட் வந்தது. "சொந்தக் காரணங்களுக்காக முழு விருப்பத்துடன் விலகுகிறேன்." கீழே என் பெயர், போன வெள்ளிக்கிழமைத் தேதி, 11.19, மின்கையெழுத்தின் பச்சை டிக். மேனேஜரின் முழு விருப்பம் எனக்குத் தெரியும். கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் கேட்டுப் போன மாதம் மனு கொடுத்த அதே பதினொரு பேர்.

வெள்ளிக்கிழமை நடந்தது: சூப்பர்வைசர் சேகர் டேப்லெட்டோடு வந்தார். ஈ.எஸ்.ஐ. கார்டு புதுப்பிக்கணுமாம். மண் தேய்த்துத் தேய்த்து எங்கள் விரலில் ரேகையே கிடையாது, எந்த மெஷினும் எடுக்காது. அதனால் எதற்கும் ஓ.டி.பி.தான். கை முழுக்கக் களிமண். அவரே அலமாரியிலிருந்து போன்களை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார், நாங்கள் நம்பரைப் படித்தோம்.

நானும் படித்தேன். பீங்கான் டிப்ளமா, தரம் பார்க்கும் வேலை, தட்டில் தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் கண்டுபிடிப்பேன். மெசேஜில் ஆறு இலக்கத்தை மட்டும் பார்த்தேன். டேப்லெட்டைத் திருப்பிக் காட்டச் சொல்லவில்லை. வெட்கம்.

ஜூலை 9, புதன்

கடலூர் பஸ். நின்றுகொண்டே. தொழிலாளர் அலுவலகத்தில் மனு.

கிளார்க்: "நம்பர் நீங்கதான சொன்னீங்க?"

"ஆமாங்க."

"அப்ப கையெழுத்து உங்களுது. அப்புறம் என்னம்மா?"

பேப்பரில் இருப்பது: பெயர், போன் நம்பர், நிமிஷம், நொடி. இல்லாதது: என்ன சொல்லிக் கேட்டார்கள், நாங்கள் என்ன நினைத்துச் சொன்னோம். நொடியைக்கூடப் பத்திரமாக வைத்திருக்கிற கம்ப்யூட்டரில் அதற்கு இடமே இல்லை.

திரும்பும் வழியில் ஒரு விதி போட்டோம். இனி யார் எந்த நம்பர் சொல்வதானாலும், எதற்கென்று முதலில் அவள் வாயால் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஒருத்தி போனில் பதிவு செய்ய வேண்டும். "டிப்ளமா சட்டம் போட்டுட்டாடி" என்று தட்டுக்குப் பளபளப்புக் கிளேஸ் பூசும் மேரி அக்கா கிண்டல். போன வாரமே போட்டிருக்க வேண்டிய சட்டம்.

செருப்பு வார் அறுந்தது. தைக்க வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

கிடைத்துவிட்டது!

எங்கள் பதினொரு பேரில் ஒருவரான மங்கலம்பேட்டை ஷாகிதா அக்காவின் கணவர் குவைத்தில் டிரைவர். யார் ஓ.டி.பி. கேட்டாலும் அவரைக் கேட்காமல் சொல்லக் கூடாது என்று கண்டிப்பு. அக்கா அன்றைக்குக் கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனை வாங்கி, குழாயடியிலிருந்து அவருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். சேகர் அவசரப்படுத்தியதில் அக்கா நம்பரைச் சொல்லிவிட்டார். "குடுக்காத" என்று பதில் வந்தபோது மணி பன்னிரண்டு. இத்தனை நாள் அக்கா இதை வெளியே சொல்லவில்லை. அவர் திட்டுவாராம்.

அக்கா போனில் அந்த வாய்ஸ் இல்லை. இடம் போதாமல் அழித்தாயிற்று. குவைத்துக்குப் போன் போட்டோம்.

"அவ பேசுனதுல ஒண்ணு கூட நான் அழிச்சதில்லம்மா," என்றார். "இருக்குது, அனுப்பறேன்."

அக்கா முகம் சிவந்துவிட்டது. "நேர்ல இருந்தா காது குடுத்துக் கேக்க மாட்டாரு!"

பன்னிரண்டு நொடி. தண்ணீர்ச் சத்தம். "மச்சான், ஈ.எஸ்.ஐ. கார்டுக்காம், சேகர் சாரு நம்பர் கேக்குறாரு, சொல்லட்டுமா?" பின்னாலிருந்து ஓர் ஆண் குரல்: "கார்டுக்குத்தாம்மா! வேற எதுக்கு? புரியுதா இல்லியா?"

வாய்ஸ் நேரம் 11.14. அக்காவின் ராஜினாமா 11.16.

பத்துத் தடவை கேட்டேன். பஸ் ஸ்டாண்டில் பதினொரு டீ.

ஜூலை 17, வியாழன்

விசாரணை. தூறல். தொழிலாளர் அலுவலகத்தில் பதினொரு பேருக்கு மூன்று நாற்காலி. மேனேஜருக்கு மட்டும் மினரல் வாட்டர்.

விசாரித்த அதிகாரி அம்மா ஷாகிதா அக்காவின் கணவரைக் குவைத்துக்குப் போனில் கூப்பிட்டு, வாய்ஸ் வந்த தேதியையும் நேரத்தையும் கேட்டுக்கொண்டார். பிறகு வாய்ஸை மூன்று முறை போட்டார்.

சேகர் எழுந்தார். "அது என் குரலே இல்லைங்க மேடம். நான் அன்னைக்குக் கார்டுன்னு ஒரு வார்த்தை பேசல. புரியுதா இல்லியா?"

முதலில் சிரித்தது கிளார்க். அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றி, "நல்லாவே புரியுது, உக்காருங்க," என்றார். மேரி அக்காவுக்கு விக்கலே வந்துவிட்டது.

மேனேஜர் விடவில்லை. "மேடம், டிக் இருந்தா கையெழுத்து செல்லுபடியாகும்னு சட்டத்துல இருக்குது."

"யார் போட்டாங்கன்னு டிக் சொல்லுது. எதுக்குன்னு நெனச்சுப் போட்டாங்கன்னு இந்த வாய்ஸ் சொல்லுது. ரெண்டையும் சேத்துத்தான் பாக்கணும்."

ராஜினாமா பதினொன்றும் வாபஸ். திங்கள் முதல் எல்லாரும் உள்ளே. தாழ்ப்பாள் ஒரு வாரத்தில். ஜெயித்தோம்! ஷாகிதா அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது.

ஒப்பந்தத்தைக் கிளார்க் கம்ப்யூட்டரில் அடித்தார். இதற்கும் மின்கையெழுத்துதான். ஒவ்வொருத்தியும் எதற்கென்று வாயால் சொல்லி, பக்கத்தில் இருந்தவள் பதிவு செய்து, பிறகே நம்பர் சொன்னாள். கடைசியில் மேனேஜர் போனில் மெசேஜ் மணி அடித்தது. ஆறு இலக்கம். வாயைத் திறந்தார்.

"இருங்க சார்," என்றேன். "அன்னைக்கு எங்களுக்கு என்ன பண்ணீங்க, இப்ப எதுக்குக் கையெழுத்துப் போடுறீங்க? ரெண்டையும் உங்க வாயால சொல்லிட்டு நம்பரச் சொல்லுங்க."

பதினொரு போனும் அவர் பக்கம். மணி 4.40. அதிகாரி அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார். மேனேஜர் மினரல் வாட்டர் பாட்டிலைத் திறந்தார். மூடினார்.