பத்து மணிக்கு நர்ஸ் கூப்பிடுவார்

அம்மா,

சாப்பாடு ஹாட்பாக்ஸில் இருக்கிறது. உன் கை வலிக்காதபடி மூடியைத் தளர்த்தியே வைத்திருக்கிறேன்.

கால் ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கப் பத்து மணிக்கு நர்ஸ் போன் செய்வார். சரியா, வேண்டாமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

நேற்று நீ கேட்டது ஒரே கேள்வி: "வலி போகுமாடி?" நானோ பரீட்சைக்குப் படிப்பதுபோல், ஆஸ்பத்திரியில் கொடுத்த கையேட்டிலிருந்து வரக்கூடிய சிக்கல்களை மட்டும் வரிசையாக வாசித்தேன். "டாக்டர் கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி நீயே வெச்சுட்டே" என்று எழுந்து போய்விட்டாய். தப்பு என்னுடையதுதான்.

உன் கேள்விக்குப் பதில் அடுத்த பக்கத்தில் இருந்தது. கோணிய கால்விரல்களை நேராக்கி, பெருவிரல் மூட்டை அசையாமல் சேர்த்துவிட்டால், கூழாங்கல்லை மிதிப்பது போன்ற அந்த வலி பெரும்பாலோருக்கு நன்றாகக் குறைகிறதாம். முடக்குவாதம் போகாது, மாத்திரை தொடரும். ஆனால் கடைத்தெரு வரை நீ நடக்கலாம்.

வேண்டாம் என்றாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன்.

மாற்றுச் சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம்.

இன்னொன்று. ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம் குதிகால் ஊன்றித்தான் நடக்க வேண்டும். பாத்ரூமுக்கு யார் கூட்டிப்போவது என்றுதானே யோசிக்கிறாய்? என் லேபில் ஆறு வாரம் லீவு கேட்டேன். கொடுத்துவிட்டார்கள்.