புள்ளையத் தரமாட்டனுங்க

இதை யார் கண்டெடுத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாகப் பெரியப்பாவிடம். இது என் அப்பாவுக்கு எழுதுவது. அவர் போய் நாலு மாதம் ஆகிறது.

அப்பா, உங்கள் வைக்கோல் தொப்பி என் மடியில் இருக்கிறது. உள்பட்டையில் இன்னும் தேங்காயெண்ணெய் வாசம். "போனவன் சாமான் வீட்டுல எதுக்கு?" என்று பெரியப்பா அதைப் பழைய துணிப் பையில் போட்டுவிட்டார். நான் எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

சனிக்கிழமைகளில் இதைப் போட்டுக்கொண்டுதானே அந்தக் கௌபாய் தொடரைப் பார்ப்பீர்கள்? யாருமே சாகாத தொடர். குண்டு பட்டால் தொப்பிதான் பறக்கும். அநாதைக் குழந்தை ஒன்றைத் தேடிக் கொள்ளைக்காரர்கள் வருவார்கள். ஷெரீஃப் அதை மாவுப் பீப்பாய்க்குள் ஒளித்துவைப்பார். நீங்கள் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு எல்லாருக்கும் கோயமுத்தூர்த் தமிழில் குரல் கொடுப்பீர்கள். துப்பாக்கியோடு வாசலில் நிற்பவனிடம் உங்கள் ஷெரீஃப், "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிக்கறீங்களா?" என்பார். அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருப்பார். பிறகு, "புள்ளையத் தரமாட்டனுங்க" என்பார்.

கொள்ளைக்காரனுக்குக்கூட எதற்கு 'ங்க' என்று கேட்டேன். "வூட்டுக்கு வந்துட்டானே அம்முணி. மரியாதையக் குடுத்தரோணும். புள்ளையத்தான் குடுக்கக்கூடாது" என்றீர்கள்.

நாளைக் காலை பெரியப்பா விமானத்தில் ஊருக்குத் திரும்புகிறார், என் தங்கச்சி நிலாவைக் கூட்டிக்கொண்டு. நாலு வயதுக் குழந்தை, அப்பா. அவருக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளை இல்லை, அம்மா வேலைக்குப் போகிறாள், அதனால் நிலா அங்கேயே வளரட்டும் என்று அவராக முடிவு செய்தார். "சரிங்க" என்று சொல்லிவிட்டு அம்மா பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடியது. நிலா அந்தத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பாக்கிப் படம் குழந்தைக்கு ஆகாது என்று பெரியப்பா அதையும் அணைத்தார்.

நேற்று நிலாவின் பாஸ்போர்ட்டைத் திருடினேன். பிளாஸ்டிக் பையில் சுற்றி அரிசி டப்பாவின் அடியில் புதைத்தேன். இன்று பெரியப்பா எல்லா டிராயரையும் கவிழ்த்தார். நீ பார்த்தாயா என்று என்னிடம் கேட்டார். இல்லை என்று தலையாட்டிப் பொய் சொன்னேன். உங்கள் ஷெரீஃப் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

சாயங்காலம் அம்மா அரிசி அளக்கப் போனாள். டப்பாவுக்குள் விட்ட கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். மூடியை அழுத்தி மூடினாள். "இன்னிக்குச் சப்பாத்தி போட்டுக்கலாம்" என்றாள். அவ்வளவுதான்.

எனக்கு அது போதாது, அப்பா. பெரியப்பா தோற்க வேண்டும். பக்கத்து சீட் காலியாக இருக்க, அத்தனை மணி நேரமும் அவர் அதைப் பார்த்துக்கொண்டே பறக்க வேண்டும். தம்பி குழந்தையைக் கூட்டிவருகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். ஒவ்வொருவரும் கேட்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும். பெரியம்மா நிலாவுக்குச் சின்ன சைக்கிள் வாங்கி வைத்திருக்கிறாராம். துருப்பிடிக்கட்டும். பாவம் என்று நினைக்கப் பார்த்தேன். வரவில்லை. உங்கள் தொப்பியைப் பெரியப்பா குப்பை மாதிரி இரண்டு விரலால் தூக்கினாரே, அதுதான் கண்ணில் நிற்கிறது.

சமையலறையில் விளக்கு எரிகிறது. ஏதோ டப்பாவைத் திறக்கும் சத்தம். இப்போது மூடும் சத்தம். காலடி இந்தப் பக்கம் வருகிறது.

பெரியப்பா கதவைத் தட்டுகிறார். "அம்முணி, தூங்கிட்டயா?" என்கிறார். நீங்கள் கூப்பிட்ட பெயர் அது, அப்பா. அவர் வாயில்.

நிலா என் பக்கத்தில்தான் தூங்குகிறாள். என் பாட்டிலில் தண்ணீர் நிறைய இருக்கிறது. இந்த முறை பொய் சொல்லமாட்டேன். கதவைத் திறந்து, வாங்க பெரியப்பா, உக்காருங்க, தண்ணி குடிக்கறீங்களா என்று கேட்பேன். அவர் குடித்து முடித்ததும்