உடைய வேண்டிய பலகை

ஜூலை 14, திங்கள்

காற்று. மாடியில் காயப்போட்ட இரண்டு துண்டும் பக்கத்து வீட்டுக் கொய்யாவில். ஆடி பிறக்கவே இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் இந்த ஆட்டம்.

காலை கராத்தே வகுப்பு. கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நேற்றைய முகூர்த்தத்தின் சாம்பார் வாசம் அப்படியே. பாதிப் பயிற்சியில் பசித்துவிட்டது. சுகருக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். நடந்த வழியில் இந்த வகுப்பு இருந்தது. அப்படித்தான் சேர்ந்தேன், பிறகு விட முடியவில்லை.

ஞாயிறு பச்சை பெல்ட் தேர்வு. மற்றதெல்லாம் வரும். பலகை உடைப்பதுதான் பயம். போன தடவையும் அதில்தான் போயிற்று. கை வேகமாகத்தான் போகிறது, பலகையைத் தொடும்போது தானாக நின்றுவிடுகிறது. ஜெனிபர் மாஸ்டர் (என்னைவிட ரொம்பச் சின்னவள், ஆனாலும் மாஸ்டர்) சிரித்தாள். "அமுதாக்கா, நீங்க பலகைய அடிக்கல. காய்ச்சல் இருக்கான்னு தொட்டுப் பாக்குறீங்க."

அடிக்கும்போது போட வேண்டிய சத்தமும் வரவில்லை. பல் ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் நாளெல்லாம் "பயப்படாதீங்க, வலிக்காது" என்று மெல்லப் பேசிப் பேசியே தொண்டை பழகிவிட்டது. கத்தச் சொன்னால் கொட்டாவி மாதிரி வருகிறது.

கூடப் படிக்கும் மிலிட்டரி அண்ணன், ரிட்டயர்ட், பெரிய மீசை: "இதெல்லாம் வித்தை காட்டுற வேலம்மா. பலகை என்ன, நம்மள வம்புக்கா இழுத்துச்சு?"

மாஸ்டர்: "ஆள் மேல முழுசா அடிக்க முடியாதுண்ணே. பட்ருமேன்னு பாதியில நிறுத்துறோம். நெதம் நிறுத்தி நிறுத்தி, அதத்தான் பழகுறோம். நிறுத்தாமப் போறதுக்கு இந்த ஒரு எடம்தான் இருக்கு."

வண்டியில் வரும்போது அதுவே ஓடியது. நானும் எதைத்தான் நிறுத்தாமல் செய்திருக்கிறேன்? பேச்சு, சிரிப்பு, கோபம் எல்லாமே பாதியோடு சரி. இந்தப் பலகையை உடைத்தே ஆக வேண்டும். பெல்ட் கூட அப்புறம்தான்.

இவரிடம் சொன்னேன். திருச்சி ரோட்டில் மரப்பட்டறை வைத்திருக்கும் மனுஷன், துள்ளிவிட்டார். "பட்டறக்காரன் பொண்டாட்டி பேக்கிங் பெட்டிக் கட்டையவா ஒடைப்பா? நான் செஞ்சு தாரேன். எல்லாருக்கும்!"

ஜூலை 16, புதன்

வாங்க: உளுந்து, கேஸ் அடுப்பு லைட்டர், கையில் சுற்றும் பட்டைத் துணி.

பலகைகள் ரெடி. அடடா. இழைத்து, உப்புத்தாள் தேய்த்து, ஓரமெல்லாம் மழுக்கி வைத்திருக்கிறார். கன்னத்தில் வைத்துக்கொள்ளலாம். வார்னிஷ் அடிக்கப் போனவரைத் தடுத்தேன். "எம்புட்டு நேரம் ஆயிருக்கும் உங்களுக்கு!" என்றேன். "இருக்கட்டுமே, ஒனக்குத்தான" என்றார். இந்த வயதில் வெட்கம் வேறு வருகிறது எனக்கு.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. வியாழன் அய்யலூர் சந்தை, மிலிட்டரி அண்ணன் கிடா பார்க்கப் போய்விட்டார். வகுப்பில் கூட்டம் குறைவு.

இவர் செய்த பலகையை இரண்டு பேர் பிடித்து நிறுத்தினார்கள். மனசுக்குள் ஒரே பேச்சு, இன்றைக்கு நிறுத்த மாட்டேன், நிறுத்தவே மாட்டேன். சத்தியமாக நிறுத்தவில்லை. முழு உடம்பும் கையோடு போனது.

பலகை அப்படியே இருந்தது.

இன்னொரு தடவை அடித்தேன். ஒரு கீறல் கூட இல்லை. வலது கை முட்டி புஸ்ஸென்று வீங்கிவிட்டது. பாத்ரூமில் போய் அழுதேன். கை வலிக்காக இல்லை. முழுசாக அடித்தும் ஆகவில்லை என்றால் அப்புறம் என்னிடம் என்ன இருக்கிறது?

இரவு இவர் ஐஸ் வைத்துவிட்டார். வைத்துக்கொண்டே, "ரெண்டு அடிக்கும் ஒண்ணும் ஆகலேல்ல? நாட்டுத் தேக்கு!" என்றார் பெருமையாக. முறைத்தேன். ஐஸைத் திருப்பி வைத்தார்.

ஜூலை 18, வெள்ளி

சிரித்துச் சிரித்து வயிறு வலி. எழுதக்கூட முடியவில்லை.

காலையில் மாஸ்டர் போன். "அக்கா, நீங்க போனப்புறம் நானும் அடிச்சுப் பாத்தேன். எனக்கும் ஒடையல. அண்ணன ஒரு எட்டு வரச் சொல்லுங்க." போனோம். அவள் கையும் வீக்கம். பலகையைத் திருப்பிக் காட்டினாள். மரத்தின் நார், பிடிக்கிற ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குக் குறுக்காக ஓடுகிறது. மேலிருந்து கீழாக ஓடினால்தான் நடுவில் பிளக்கும். இவர் அலமாரித் தட்டுக்கு அறுக்கிற மாதிரியே அறுத்திருக்கிறார். பற்றாததற்குத் தேக்கு.

"அண்ணே, இதுமேல யானையே ஏறி நிக்கும்."

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "ஒடையாமச் செய்யத்தான தாயி நான் தொழில் கத்துக்கிட்டேன்."

மாஸ்டர் என் கையைப் பிடித்துப் பார்த்தாள். "பாதியில நிறுத்துன கை இம்புட்டு வீங்காதுக்கா. நீங்க அடிச்சிட்டீங்க." அப்படியே கட்டிக்கொண்டேன் அவளை. ஆனால் வலது கைக்கு ஞாயிறு ஓய்வு. இடது முழங்கையால் உடைக்கலாமாம், தேர்வில் அதற்கு இடம் உண்டாம்.

ஜூலை 19, சனி

பட்டறையில் இவர் பேக்கிங் பெட்டிக் கட்டையை அறுக்கிறார், நார் சரியான பக்கமாக. முகம் கஷாயம் குடித்த மாதிரி. "மட்டமா செய்யிறதும் லேசு இல்ல போல." செத்த நேரம் கழித்து: "அங்க யாருகிட்டயும் நம்ம கட பேரச் சொல்லிறாத."

முழங்கைப் பயிற்சி, தலையணையில். ஒரு தையல் விட்டது. சத்தம் இன்னும் கொட்டாவிதான்.

ஜூலை 20, ஞாயிறு

எங்கிருந்து தொடங்க!

கூடம் நிறைய ஆட்கள். பலகை பிடிக்க வேண்டியவர்களில் ஒருவர் வரவில்லை. மாஸ்டர் இவரைக் கூப்பிட்டுவிட்டாள். மிலிட்டரி அண்ணன் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். முழங்கை அடி என்பதால் கிட்டக்க நிற்க வேண்டும். இவர் நெற்றி வியர்வைகூடத் தெரிகிறது. கண்ணை இறுக்கி மூடியிருக்கிறார், பலகை கையிலிருந்து நழுவப் பார்க்கிறது. பிடி தளர்ந்தால் பலகை உடையாது.

"கண்ணத் தொறங்க!" என்று கத்தினேன்.

அப்படி ஒரு சத்தம் என்னிடம் இருப்பது எனக்கே தெரியாது. இவர் கண் பட்டென்று திறந்தது, பிடி இறுகியது. அதே சத்தத்தோடு போனேன். முழங்கை பலகையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்ட பிறகுதான் சடக்கென்ற ஒலியே காதில் விழுந்தது. வலியே இல்லை. நிஜமாகவே இல்லை.

மிலிட்டரி அண்ணன் மீசை துடிக்க, "வித்தைதாம்மா. ஆனா நல்ல வித்தை" என்றார். இவர் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணில் தண்ணீர், மரத்தூளாம்.

பச்சை பெல்ட். பரோட்டா. சுகர் நாளைக்கு.

ஜூலை 21, திங்கள்

காற்று இன்னும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் "அடுத்து யாரு?" என்றேன். மூன்று பேர் ஒன்றாக எழுந்துவிட்டார்கள். டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

சாயங்காலம் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கல்லாவுக்கு மேலே ஆணி அடித்து, நான் உடைத்த இரண்டு துண்டு. பக்கத்திலேயே உடையாத தேக்குப் பலகை. கதவு செய்யச் சொல்ல வந்தவர் கேட்கிறார், "என்னண்ணே, ஒங்க பலகை ஒடையுமா?"

இவர் தேக்கைத் தட்டிக் காட்டினார். "இது நான் செஞ்சது." அப்புறம் துண்டுகளைக் காட்டி, "அது எங்க வீட்ல செஞ்சது."

சாப்பாட்டுத் தூக்கை மறந்து கையிலேயே திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.