அம்மாவுக்குப் பசித்த அரை மணி நேரம்

வெள்ளவத்தை, செப்டெம்பர் 2007, வெள்ளி இரவு

நான் வேலை செய்யும் ஆராய்ச்சிப் பிரிவில் பரிசோதனைக்கு வருபவர்களைப் பற்றி எங்கும் எழுதமாட்டேன் என்று கையெழுத்து வைத்தவள் நான். இது பிழைதான், மன்னிக்கவேண்டும். ஆனால் இன்று வந்தவர் என் அம்மா.

ஆமிக்காரர் சுற்றிவளைப்பில் அண்ணாவைப் பிடித்துக் கொண்டுபோன நாளிலிருந்து, மூன்று மாதமாக அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால், "விரதம் பிள்ளை" என்பார். பரிசோதனைக்கு ஆள் போதவில்லை என்று எங்கள் டொக்டர் சொன்னதால் நான்தான் அவரை அழைத்துப் போனேன். வெறும் வயிற்றில் இருப்பவருக்குப் பசியைத் தூண்டும் ஹோர்மோனை நரம்பில் ஏற்றி, உடல் இன்சுலினின் சொல்லை எவ்வளவு கேட்கிறது என்று பார்ப்பதே எங்கள் வேலை.

ஏற்றிக் கொஞ்ச நேரத்தில் அம்மா மெதுவாகக் கூப்பிட்டார்.

"பிள்ளை, எனக்குப் பசிக்குது. பிட்டும் சம்பலும் இருந்தா ஒரு பிடி தாவன்."

"இன்னும் மூண்டு தரம் ரத்தம் எடுக்கவேணும் அம்மா. கொஞ்சம் பொறுங்கோ."

"படிப்பிச்சு விட்டதுக்கு நல்லாப் பட்டினி போடுறாய்," என்று சிரித்தார். அவர் சிரித்தும் நாளாகியிருந்தது.

எல்லாம் முடிந்ததும் ஓடிப்போய்ப் பிட்டு வாங்கி வந்தேன். அதற்குள் மருந்து நின்று பசியும் போய்விட்டது. பார்சலைத் திறந்து பார்த்துவிட்டு, "நீ சாப்பிடு" என்று என் பக்கம் தள்ளினார்.

பிறகு டொக்டர் தாளைக் காட்டினார். மருந்து ஏறிய நேரம் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை. இரத்தத்தில் சீனி கூடியிருந்தது. "இதை ஒருத்தருக்கும் பசி மருந்தாக் குடுக்கேலாது," என்றார். நான் தலையாட்டினேன்.

நித்திரை வரவில்லை. நாளை வாய் திறந்து கேட்கவேண்டும். டொக்டர், இரத்தம் எடுக்காமல், சாப்பாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இன்னும் ஒரேயொரு தடவை அம்மாவுக்கு அதை ஏற்றித் தருவீங்களா?