பச்சைப் பங்கருக்குள் குனிந்தவர்கள்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அக்கா. இன்று காலை ஆட்டுக்கால் சூப்பைப் பார்த்து அழுதுவிட்டேன். சட்டி கொதித்து மணம் எழும்பியதும் லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இருந்த உங்கள் ஓவிய அறைக்கே போய்விட்டேன்.

“என்னப்பா, உப்புக் கூடிப்போச்சே?” என்று மனைவி கேட்டாள்.

“இல்லை. அக்காவின்ரை பசை மணக்குது.”

அந்தக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்க வந்தவன் நான். முதல் நாள் உங்கள் சின்ன அடுப்பில் மாட்டுத்தோல் பசை உருகிக்கொண்டிருந்தது. கல்லை அரைத்த வர்ணப்பொடியை அதில் குழைத்துத்தான் உங்கள் ஜப்பானில் படம் தீட்டுவார்களாம். எனக்கு எங்கே தெரியும்? “சமையல் நல்ல மணம், மிளகுதான் காணாது” என்றேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் தூரிகை கீழே விழுந்தது.

இருவருக்கும் இருந்தது ஒரே அளவு இங்கிலீஷ். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன், படித்த உங்களுக்கு என்ன வந்தது என்று பகிடி பண்ணுவேன். அந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டே இரண்டு யுத்தங்களைப் பேசி முடித்தோம். குண்டுக்குப் பயந்து நாங்கள் பதுங்கிய பங்கரின் மேல் வற்றாளங்கிழங்குக் கொடி படர்ந்திருந்ததைச் சொன்னேன். உங்கள் அம்மா சிறுமியாக ஒளிந்திருந்த குழியின் மேலும் அதே கொடிதான் என்றீர்கள்.

அன்றே பெரிய கடதாசியை நிலத்தில் விரித்தீர்கள். உங்களுக்கு இருந்த நோய் அதற்குள் விரல்வரை வந்திருந்தது. கரிய வாயுள்ள ஒரு மண்மேட்டைத் தீட்டுவதும் அழிப்பதுமாக இருந்தீர்கள். ஒரு மதியம், “தம்பி, உள்ளுக்கை இருந்து பார்க்க என்ன தெரிஞ்சது?” என்று கேட்டீர்கள். ஞாபகமில்லை என்றேன். விட்டீர்களா? மேசைமேல் பச்சைத் துணியைப் போட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கீழே புகுந்தீர்கள். என் வயிறு மேசைக்காலில் சிக்கிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறைச் சிற்பி கதவைத் திறந்தார். “பங்கர்” என்றீர்கள் மரியாதையாக. அவர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

படம் பச்சையாய் வந்தது. உள்ளிருந்து பார்க்கும் வாசல், இலைகளுக்கூடாக வடியும் வெளிச்சம், அவ்வளவுதான். கண்காட்சி நடத்துகிறவர்கள் அழகான இலைப்படம் என்று மெச்சினார்கள். உங்கள் முகம் வாடிவிட்டது. “இது யுத்தமெண்டு ஒருத்தருக்கும் தெரியாட்டி நான் தோத்துப்போனன்.”

“உள்ளுக்கை இருந்த சனத்துக்குத் தெரியும், அக்கா. நான் கூட்டிக்கொண்டு வாறன்.”

கண்காட்சி திறக்குமுன் அந்த நோய் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

நான் சொன்னபடி செய்தேன். இல்ஃபோர்ட், குட்மேய்ஸ் பக்கம் இருக்கும் எங்கள் ஊர்ச் சனத்தை ரயிலேற்றிக் கொண்டுபோனேன். என்ன படம் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. என் மனைவி லண்டனுக்கு வந்தபின் பங்கர் என்ற சொல்லை வாயில் எடுத்தவளில்லை. அவள்தான் முதலில் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, உள்ளே இறங்குகிறவள்போல, மெதுவாகத் தலையைக் குனிந்தாள்.

“மண் கொட்டும், பாத்து வாங்கோ” என்றாள் என்னிடம்.

அவளுக்குப் பின்னால் வந்த சனமெல்லாம் வரிசையாகக் குனிந்தது. யாரென்று தெரியாத ஒரு வயதான ஜப்பானியப் பெண்ணும், ஊன்றுகோலைப் பிடித்தபடி, குனிந்தார். வென்றுவிட்டீர்கள், அக்கா. ஒரு சொட்டுக் கறுப்பு இல்லாமல் வென்றுவிட்டீர்கள். இப்போது எந்த வாசலைக் கண்டாலும் உங்கள் பச்சை வெளிச்சம்தான் எனக்கு முதலில் தெரிகிறது.

கடைசியாக நானும் குனிந்தேன். கால்சட்டை பின்பக்கம் கிழிந்தது. இல்ஃபோர்ட் வரை பின்பக்கத்தைக் கதவோடு ஒட்டி நின்றபடியே வந்தேன். ரயிலில் உட்கார இடம் இருந்தது.