நீ கழித்துவிட்ட கோடு

சிதம்பரம்,
14.8.2024

செந்தமிழ்செல்வனுக்கு,

இளமதி எழுதுவது. நலமா என்று கேட்கப்போவதில்லை. மெயிலுக்குப் பதில் இல்லை, வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாய். அதனால்தான் ஜெர்மனிக்கு ரிஜிஸ்தர் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆகவேண்டும்!

நாம் லேபில் சேர்ந்து செய்த ஆய்வைப் பற்றிய உன் கட்டுரையைப் பார்த்தேன். கண்ணாடித் தகட்டில் வெள்ளித் துகள் பதித்தவள் நான். நாலே நாளில் அது கறுத்துப்போகிறதே என்று நீ தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, மேலே கிராஃபீன் என்ற கரிப் படலம் ஒட்டியவளும் நான். ஓர் அணு கனம்தான். ஆனாலும் ஆறு மாதம் வெள்ளி கறுக்கவில்லை. தண்ணீரில் துளி விஷம் இருந்தாலும் லேசர் பட்டதும் அந்தத் தகடு வரைபடத்தில் ஒரு கோடாகக் காட்டிக்கொடுத்தது. நன்றி சொல்லும் வரியில்கூட என் பெயர் இல்லை. வெட்கமாக இல்லையா உனக்கு?

இப்போது சண்டை அதற்கில்லை. கட்டுரைக்காக நீ அளந்த வாரம் லேபில் டிஸ்டில்டு வாட்டர் மெஷின் பழுது. "எங்க கிணத்துத் தண்ணி எளநி மாதிரி, அதுக்கு மேல என்னா சுத்தம் வேணும்?" என்று நெல்லிக்குப்பத்திலிருந்து கேனில் கொண்டுவந்தாய். ஒப்பிட வைக்கும் சுத்தமான தண்ணீர் என்று அதையே அளந்தாய். அதில் ஒரு கோடு எழும்பியது. தகட்டின் கோளாறு என்று சொல்லி, எல்லா அளவிலிருந்தும் அதைக் கழித்துவிட்டாய்.

கேனில் இருந்த மிச்சத்தைப் புதுத் தகட்டில் வைத்துப் பார்த்தேன். அதே கோடு. போன வாரம் கடலூர் போய், டவுன் பஸ் மாறி, உங்கள் கிணற்றிலிருந்தே எடுத்துவந்தேன். அதே இடத்தில், இன்னும் உயரமாக. கரும்புக்கு அடிக்கிற பூச்சிமருந்தின் கோடு அது, செல்வா. நாலு தடவை அளந்துவிட்டேன்.

உன் அம்மாவிடம் சொன்னேன். தில்லையம்மாள் அம்மா சிரித்துக்கொண்டே அந்தத் தண்ணீரையே சொம்பில் நீட்டினார்கள். "எம் புள்ள மெஷின்ல வச்சிப் பாத்து நல்ல தண்ணின்னு எழுதியிருக்கான், நீ புதுசா சொல்ல வந்துட்ட" என்றார்கள். கை நடுங்கி, சொம்பு தளும்பியது. கேட்டால், வயசாயிடுச்சி என்கிறார்கள். அந்த மருந்து உடம்பில் சேர்ந்தாலும் கை நடுங்கும், செல்வா.

கட்டுரையில் உன் பெயரே தனியாக இருந்து தொலையட்டும். நான் சொல்லி அவர்கள் கேட்கமாட்டார்கள். இதைப் படித்ததும் மடித்து வைக்காதே. உடனே அம்மாவுக்கு போன் போடு. நான் தப்பா அளந்துட்டேன், அந்தத் தண்ணியக் குடிக்காதம்மா என்று உன் வாயால் சொல். அவர்கள் நல்லா இருக்கட்டும்.

இளமதி